கசங்காத புத்தகம்

ஷாஜாதி டீச்சரிடம் போன படப் புத்தகம் கசங்காமல் திரும்பி வந்தால், அதன் கதை முடிந்தது என்று அர்த்தம். செங்கல்பட்டில் கூடும் தேர்வுக் குழுவில் எல்லோருக்கும் இது தெரியும். தொடக்கப் பள்ளிகளுக்கு வாங்கத் தகுந்த புதுப் புத்தகங்களைப் பொறுக்குவது அந்தக் குழுவின் வேலை. தேர்வானால்தான் முழு அச்சு. பதிப்பகத்தார் அனுப்பும் மாதிரிப் பிரதியில், எழுதியவர், வரைந்தவர் பெயர்கள்மேல் காக்கித் தாள் ஒட்டித்தான் உறுப்பினர்களிடம் தருவார்கள். மற்றவர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நீதி இருக்கிறதா, எழுத்து பெரிதாக இருக்கிறதா என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஷாஜாதிக்கு அந்த வம்பே கிடையாது. சதுரங்கப்பட்டினத்துப் பள்ளியில், தன் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நடுவே புத்தகத்தைப் போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வாள். எச்சில் தொட்டுப் புரட்டி, ராஜாவின் மூஞ்சியில் கிறுக்கி, எனக்கு உனக்கு என்று இழுத்து அட்டையைப் பிய்த்துவிட்டார்களா? தேறியது. மூலையில் சமர்த்தாகக் கிடக்கிறதா? போச்சு, யாருக்கும் வேண்டாத சரக்கு.

“உங்க பசங்க கிழிச்சா, நான் கண்ண மூடிண்டு கையெழுத்துப் போட்டுடுவேன்” என்பார் குழுத் தலைவர் ராமானுஜம்.

எழுபத்தாறாம் வருஷம் அப்படி வாங்கிய புத்தகக் கட்டை, வீடு திரும்பும் பஸ்ஸிலேயே பிரித்துப் பார்த்தாள். அதில் ஒரு புத்தகம். கடற்கரைக் கிராமத்துச் சின்னப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் போக ஆசை. சேர்த்துக்கொள்ள வேண்டுமானால், கையைத் தலைக்கு மேலாக வளைத்து அந்தப் பக்கத்துக் காதைத் தொட்டுக் காட்ட வேண்டும். அந்தக் காலத்தில் அதுதான் வயதுக் கணக்கு. எட்டவில்லை. “என் கை வளந்துடுச்சா?” என்று நண்டைக் கேட்கிறாள், கட்டுமரத்தைக் கேட்கிறாள், மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்தையும் விடவில்லை.

கோணல் ரெட்டைப் பின்னல். முன்பல் ஒன்று இல்லை. யாரும் பார்க்காதபோது கழுத்தைச் சாய்த்துக் காதைக் கைப்பக்கம் கொண்டுவரும் கள்ளத்தனம்.

“அடப் பாவி மனுஷா!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்.

அது பத்ரு. அவள் பெற்ற பதருன்னிசா. வரைந்தது யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. கல்பாக்கம் அணுமின் நிலைய வேலையில் ஸ்கேல் வைத்துக் குழாயும் சுவரும் வரைகிற அவள் புருஷன் அமானுல்லாதான். பெண்டாட்டி குழுவில் இருக்கிறாள், சிபாரிசு என்று யாரும் பேசிவிடக் கூடாது என்று அவளிடம் மூச்சே விடவில்லை போலிருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் பத்ரு அம்மாவின் பள்ளியிலேயே வரிசையில் நின்று, இப்படித்தான் கழுத்தைச் சாய்த்தாள். “டீச்சர் பொண்ணுன்னா சட்டம் வேறயா? அடுத்த வருசம் வா” என்று ஷாஜாதி சிரித்துக்கொண்டே அனுப்பினாள். மழைக்காலம் முடிவதற்குள் மூளைக்காய்ச்சல் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பத்ருவின் கை காதைத் தொட்டிருந்தது. ஷாஜாதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் மற்றப் புத்தகங்களை எல்லாம் வகுப்பில் போட்டாள். இதை மட்டும் முடியவில்லை. முனிசாமி மீசை போடுவான். தனகோடி எச்சில் விரலை அந்தக் கன்னத்தில் வைத்துத் தேய்ப்பாள். திரும்பக் கிடைத்த ஒரே ஒரு முகம், அதையும் பிய்க்கக் கொடுப்பேனா? பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். அமானுல்லா வெளியே போகும்போதெல்லாம் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

குழு கூடிய அன்று திருப்பிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுத்தாள். நூலகர் சியாமளா வாங்கிப் புரட்டினாள்.

“இன்னா டீச்சர், ஒரு முனைகூட மடங்கல?”

“பசங்க சீண்டவே இல்லையா?” என்றார் ராமானுஜம்.

இல்லை, நான் காட்டவே இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் போய்க் காட்டச் சொல்வார்கள், தேர்வாகும், ஆயிரக்கணக்கில் அச்சாகும், ஊர் ஊராகப் பிள்ளைகள் அவளைப் பிய்த்துப் போடுவார்கள். ஷாஜாதி அடுத்த புத்தகத்தை எடுத்து நீட்டினாள். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு ராமானுஜம் புத்தகத்தை அந்தப் பக்கம் தள்ளினார். ஒருமுறை தள்ளியதை மறுபடி எடுக்கும் வழக்கம் அங்கே இல்லை.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் அமானுல்லா பதிப்பகத்திலிருந்து திரும்பி வந்த பார்சலோடு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“உங்கிட்ட சொல்லாம ஒரு வேல பண்ணிட்டேன் ஷாஜாதி. நம்ம பத்ருவ வச்சு ஒரு புக்கு போட்டேன். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம்னு ஏங்கிகினே போய்ட்டாளே, இப்படியாச்சும் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் போய் உக்காரட்டும்னு. கமிட்டில தள்ளிட்டாங்களாம், அச்சுக்குப் போவாதாம்.” பார்சலின் கயிற்றைத் தடவினான். “புள்ளைங்க தொடவே இல்லியாம். நம்ம பொண்ண யாருமே வெளயாட சேத்துக்கலியாம்.”

அந்த வார்த்தை அவளை அறுத்தது. அவன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்படி இல்லீங்க. எந்தப் புள்ளையும் அவளப் பாக்கவே இல்ல. நான்தான் காட்டல. பீரோல வச்சுப் பூட்டிட்டேன்.”

“ஏன்?”

“கிழிச்சுடுவாங்கங்க. அவ மூஞ்சியக் கிழிச்சுடுவாங்க.”

அமானுல்லா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பார்சலைப் பிரிக்காமல் அவள் மடியில் வைத்தான்.

“பள்ளிக்கூடம் போற புள்ள, சட்ட கிழியாமலா வூட்டுக்கு வரும் ஷாஜாதி?” என்றான்.