சன்ஷேடில் கழற்றி வைத்த சூடு

காட்பாடியில் ஜெசிந்தா வீட்டுக்கு வெயில் தினமும் மத்தியானம் வந்து, பொழுது சாய்கிற வரைக்கும் ஹாலில் சோபாவைப் பிடித்துக்கொள்ளும். குடும்பமே சமையலறையில் ஒண்டிக்கொள்ளும். மேற்குப் பார்த்த வீட்டில் சுவர் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். அப்படி வைத்தால் வீடு பெரிசாகத் தெரியும் என்று புருஷன் ஆரோக்கியம் ஆசைப்பட்டான். பெரிசாகத்தான் தெரிந்தது, உட்காரத்தான் முடியவில்லை. ஏசி வாங்கிப் போட்டார்கள். அதற்கு நேர் எதிரே வெயில்தான் காலை நீட்டிக்கொண்டு அனுபவித்தது.

ஜெசிந்தா வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறவள். போன ஈஸ்டருக்கு அவள் செய்த கிரீம் கேக், வெயில் பக்கத்தில் இருந்த பாவத்துக்கு, தட்டை விட்டே இறங்கி ஓடிவிட்டது. நாத்தனார் எமில்டா அதை டம்ளரில் பிடித்துக் குடித்துவிட்டு, "பாயசம் பிரமாதம் அண்ணி" என்றாள். அந்தப் பேர் நிலைத்துவிட்டது. இப்போது எமில்டாவுக்கே கல்யாணம். சாயங்கால வரவேற்புக்கு ஜெசிந்தா கையால் மூன்றடுக்கு கேக். இதுவும் ஒழுகினால் சாகிற வரைக்கும் அவள் பாயசக்காரிதான். மானம் போகிற விஷயம்.

கல்யாணத்தன்று காலையில் கண்ணாடிக் கடை முபாரக் வந்து ஜன்னலுக்குச் சூடு தடுக்கிற ஃபிலிம் ஒட்டினான்.

"இனிமே சூட்டை வெளிய கழட்டி வெச்சுட்டுத்தான் உள்ள வரணும்க்கா. வெளிச்சத்துக்கு ஒரு தடையும் இல்ல" என்றான்.

மத்தியானம் வெயில் வந்தது. ஃபிலிமைத் தொட்டுப் பார்த்தது. செருப்பைக் கழற்றுவதுபோல் சூட்டைக் கழற்றி சன்ஷேடில் ஓரமாக வைத்துவிட்டு, வெளிச்சமாக மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்தது. ஹால் குளுகுளுவென்று ஆகிவிட்டது. ஜெசிந்தா நிம்மதியாகக் கிரீம் ரோஜா வைத்தாள்.

"பின்பக்கம் ஒரு பூ குறையுதும்மா" என்றது வெயில்.

பார்த்தால் குறைந்துதான் இருந்தது. வைத்தாள்.

கேக்கை வண்டியில் ஏற்றி அனுப்பினாள். வெயிலும் எழுந்து ஜன்னலுக்கு வெளியே போனது. போன சுருக்கில் திரும்பி வந்தது.

"யாரோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்க."

ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். சூட்டைக் காணோம். அந்த இடத்தில் ஈரமாக ஒரு குளிர்ச்சி கிடந்தது. மத்தியானம் அங்கே களைப்பாற வந்த மேகத்துடையது. கிளம்புகிற அவசரத்தில் எதிலோ காலை விட்டுக்கொண்டு போயிருக்கிறது.

"வெறுமனே எப்படிம்மா மலைக்குப் பின்னால போறது?" என்று வெயில் மறுபடி சோபாவில் உட்கார்ந்துவிட்டது. பொழுது அப்படியே நின்றது. மண்டபத்திலிருந்து எமில்டா போன் செய்தாள்.

"அண்ணி, இன்னும் சாயங்காலமே ஆகல. சீரியல் லைட்டு எரியறதே தெரியல. மாப்பிள்ளை வீட்ல உர்ருன்னு இருக்காங்க. வெயில் உங்க வீட்லதான் இருக்கா?"

"இருக்கு, அனுப்பறேன்" என்று போனை வைத்தாள் ஜெசிந்தா. அவளுக்கு அழுகை முட்டியது. கேக் ஒழுகாமல் நின்றும், கல்யாணத்தைக் கெடுத்தவள் என்ற பேர் வரப்போகிறது.

"கல்யாண மண்டபத்துல செருப்பு மாறினா என்னங்க பண்ணுவோம்? கிடக்கிறதைப் போட்டுக்கிட்டு வீடு போய்ச் சேரறதுதான்" என்றாள்.

வெயில் யோசித்தது. குளிர்ச்சியை மாட்டிப் பார்த்தது. கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. ஆனாலும் நடக்க முடிந்தது. அது மலைக்குப் பின்னால் இறங்கியதும் சாயங்காலம் ஆனது, சீரியல் லைட்டு பளிச்சென்று தெரிந்தது, வரவேற்பு தொடங்கியது.

ஜெசிந்தா மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மேடையில் கேக் நின்ற இடத்தில் நின்றது. எமில்டா கிண்டலுக்கென்று கொண்டுவந்திருந்த டம்ளரை எடுத்தாள், கேக்கைச் சுற்றிவந்து பார்த்தாள், டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். ஜெசிந்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பந்தி நடக்கும்போது மழை பிடித்தது. மேகம் போட்டுக்கொண்டு போனது வெயிலின் சூடல்லவா, மழை கொதிக்கக் கொதிக்கக் கொட்டியது. எமில்டா டம்ளரை நிமிர்த்தி, காப்பித்தூளும் சர்க்கரையும் போட்டு, ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்து, ஒரு கலக்குக் கலக்கி ஜெசிந்தாவிடம் கொடுத்தாள்.

"சர்க்கரை போதுமா பாருங்க அண்ணி."

போதுமாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா தனக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தார்.