வலப்பக்கக் கதவு

இடப்பக்கக் கதவில் ஒட்டியது அப்படியே இருந்தது. வலப்பக்கக் கதவில் ஒட்டியதுதான் பத்தே நாளில் ஓரம் கிளம்பித் தொங்கியது. இரண்டும் ஒரே சுருளில் அச்சடித்து, ஒரே நாளில், ஒரே கையால் ஒட்டிய ஸ்டிக்கர்கள். மேபலுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மூணாவது தரம் மிஸ்," என்றார் வேன் சாரதி சின்னமுத்து. "ஒங்க ஸ்டிக்கருக்கு வலப்பக்கம் வாதமா?"

கட்டுகஸ்தோட்டைக் கடைவீதியில் பெயர்ப்பலகைகளும் வாகன ஸ்டிக்கர்களும் செய்து கொடுப்பவள் மேபல். அந்த வேன் பன்விலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குச் சொந்தமானது. இரு கதவிலும் ஒரு சிவப்புச் சிலுவை. அதன் கீழ் மூன்று மொழியிலும் 'அம்புலன்ஸ்'. அவ்வளவுதான் வேலை. ஆனால் போர் நடந்துகொண்டிருந்த 2007ஆம் ஆண்டில் அந்த ஒற்றைச் சொல்லுக்கு இருந்த பாரம் வேறு. கண்டிக்குப் போகும் வழியில் இரண்டு சோதனைச் சாவடிகள். போன கிழமை அரைவாசி உரிந்த சிலுவையைப் பார்த்த சிப்பாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது. உண்மையான அம்புலன்ஸா, இன்று காலையில் ஒட்டிக்கொண்டு வந்ததா? உள்ளே காய்ச்சலில் ஒரு கிழவர் முனகிக்கொண்டு கிடக்க, நாற்பது நிமிடம் நிறுத்திவைத்தார்கள்.

"வாற கிழமை நம்ம தோட்டத்துக் கணபதி மகளுக்கு நாளு," என்றார் சின்னமுத்து. "தலப்பிரசவம். அந்தப் புள்ளைய வச்சிக்கிட்டு என்னால அங்க நிக்க ஏலாது மிஸ்."

அவர் வேறு கடைக்குப் போயிருக்கலாம். போகாமல் மூன்றாம் தரமும் தன்னிடமே வந்தாரே என்று மேபலுக்கு மனம் நெகிழ்ந்தது.

முதல் தரம், மை சரியாகக் காயவில்லை என்று நினைத்தாள். அச்சடித்த மையிலுள்ள திரவம் ஆவியாகிப் போக ஒரு முழுநாள் வேண்டும்; அதற்குள் ஒட்டினால் பசை இளகி ஓரம் சுருளும். அதனால் அடுத்த தரம் இரண்டு நாள் காயவிட்டாள். பிறகு, தாள் மலிவானது என்று நினைத்தாள். தடித்த தாள் வளைவில் அடங்காமல் பழைய நிலைக்கே இழுக்கும். கொழும்பிலிருந்து மெல்லிய தாள் வரவழைத்து, சூடு காட்டி, வளைவோடு வளைவாக அழுத்தி ஒட்டினாள். அதுவும் உரிந்தது. தாளில் குறை என்றால் இரண்டு கதவிலுமல்லவா உரிய வேண்டும்?

"உரிஞ்ச துண்டு எங்க?"

"இந்தா. நீங்க சொன்னீங்கனு இந்தத் தரம் வீசல்ல."

மேபல் அதைத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் பசை நல்ல இறுக்கமாக இருந்தது. ஓரத்தில் மட்டும் பாகு மாதிரி நூல் இழுத்தது. அவளுக்குச் சட்டென்று உற்சாகம் வந்தது. நடு நன்றாக இருந்து ஓரம் கெட்டால், கேடு உள்ளேயிருந்து வரவில்லை. வெளியிலிருந்து ஏதோ ஓரத்தால் ஊறுகிறது.

ஒரு கோப்பைத் தண்ணீரை இடக்கதவில் ஊற்றினாள். அது ஒரே படலமாக வழிந்தது. வலக்கதவில் ஊற்றினாள். சேம்பிலையில் விழுந்ததுபோல் முத்து முத்தாகத் திரண்டு உருண்டது.

"எண்ணெய்!" என்றாள். "இந்தக் கதவுக்கு என்ன பூசுறீங்க சின்னமுத்தண்ணே?"

"நான் எண்ணெய தலைக்கே பூசுறதில்ல மிஸ்," என்று அவர் தன் வழுக்கையைத் தடவிக் காட்டினார்.

யார் பூசுகிறார்கள் என்று பார்க்க, மறுநாள் விடியற்காலை மேபல் தோட்டத்தில் நின்றாள். வேன் இடப்பக்கத்தை டிஸ்பென்சரிச் சுவரோடு ஒட்டி நின்றது. வலப்பக்கம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளைப் பார்த்தபடி. கொழுந்தெடுக்கும் ராக்கம்மா வேலைக்குப் புறப்படுமுன், இடுப்பில் கைப்பிள்ளையோடு வந்தாள். முந்தானையில் செருகியிருந்த துணியை எடுத்து, கதவில் மிஞ்சியிருந்த சிலுவையைச் சுற்றி அழகாகத் துடைக்கத் தொடங்கினாள். மண்ணெண்ணெய் வாடை மேபலின் மூக்குக்கு எட்டியது.

"அடியே, நீயா?" என்றார் சின்னமுத்து. "என்னைய நாப்பது நிமிசம் வெயில்ல காயவச்சது நீதானா?"

ராக்கம்மா திகைத்துப்போனாள். "நான் என்னா செஞ்சேன்? இவன் இந்த வண்டிக்குள்ளதான் பொறந்தான் மிஸ். இது இல்லாட்டி நானும் இல்ல, இவனும் இல்ல. அதுக்குத்தான் தெனமும் தொடைக்கிறேன். தொரை பங்களா காரை மண்ணெண்ணெய் தொட்டுத்தான் தொடைப்பாங்க. என்னா பளபளப்பு!"

"பளபளப்பு சரிதான்," என்றாள் மேபல். "இங்க பாருங்க." ஒரு ஸ்டிக்கர்த் துண்டின் பின்தாளை உரித்து, பசைமேல் அந்தத் துணியால் ஒற்றினாள். சற்று நேரம் கழித்து விரலால் தேய்க்க, பசை உருண்டையாகத் திரண்டு வந்தது. "அழுக்கைக் கரைக்கிற மாதிரியே இது பசையையும் கரைக்குது."

ராக்கம்மாவின் முகம் வாடியது. "அப்ப இனி நான் தொடக்கூடாதா மிஸ்?"

தொடாதே என்று சொல்வது இலேசு. ஆனால் நன்றி சொல்ல அவளுக்கு இருந்தது அந்தத் துணி ஒன்றுதானே என்று மேபலுக்குத் தோன்றியது.

"தொடைங்க. நீங்க தொடைச்சாத்தான் தோட்டத்துப் புழுதி ஓரத்துல சேராது. ஆனா வெறுந் தண்ணி மட்டும்."

"பழைய துணிய என்னா செய்ய?"

"அடுப்புல போடு," என்றார் சின்னமுத்து. "நல்லாப் பத்தும்."

ராக்கம்மா சிரித்துவிட்டாள். முன்பே அச்சடித்துக் காய்ந்திருந்த ஒரு ஸ்டிக்கரை மேபல் கையோடு கொண்டுவந்திருந்தாள்; அன்று காலையே அங்கு வைத்து அதை ஒட்டினாள்.

பத்து நாள் போய்ச் சின்னமுத்து கடைக்கு வந்தார். கையில் ராக்கம்மா கொடுத்தனுப்பிய ஒரு பை பட்டர்ஃப்ரூட். கணபதி மகளுக்குப் பெண் குழந்தை. இரண்டு சாவடியிலும் சிலுவையைக் கண்டதுமே கை காட்டி அனுப்பிவிட்டார்களாம். மேபல் வெளியே ஓடிப்போய் வலக்கதவின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். கிளம்பவில்லை. யாருக்கென்று சொல்லாமல் மனதுக்குள் நன்றி சொன்னாள். கர்த்தருக்கும், அந்தத் துணிக்காரிக்கும் சேர்த்துத்தான்.

அன்று தோட்டத்தில் மேபல் செய்தது இவ்வளவுதான்: கதவைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் இரண்டு தரம் துடைத்தாள்; ஊற்றிய தண்ணீர் முத்தாகத் திரளாமல் ஒரே படலமாக வழியும்வரை அதையே திரும்பச் செய்தாள்; நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டினாள். அதற்குப் பிறகு ராக்கம்மா தினமும் காலையில் தண்ணீரில் நனைத்த துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைக்கிறாள்.