கண்ணாடியும் மனைவியும் ஏறிய வண்டி

பஞ்சுக்கால் என்பது பெற்றோர் இட்ட பெயர் அன்று. ஜன்னல்களுக்கும் கடை முகப்புகளுக்கும் கண்ணாடி பொருத்தும் தொழிலில் தலைநரைத்தவர் அவர். ஆளுயரக் கண்ணாடியைத் தோளோடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறும்போது அவருடைய காலடி ஓசை கேளாது. அதனால் உடன் வேலை செய்தவர்கள் அப்படி அழைக்கத் தொடங்கினார்கள்; பின்னர்த் தெருவும் அப்பெயரையே பிடித்துக்கொண்டது. காலையில் எழுந்ததும் இரு உள்ளங்கைகளையும் வெளிச்சத்தில் விரித்து, சில்லு ஏதும் தைத்திருக்கிறதா என்று பார்ப்பார். சாப்பிடும்போது தட்டை மேசையின் விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளிவைப்பார். எந்தக் கதவையும் தோளால்தான் திறப்பார்.

அவருடைய தொழிலில் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு. சரியும் கண்ணாடியை எவரும் பிடிக்க முயலலாகாது. இரு கைகளையும் விரித்துவிட்டு, ஓரடி பின்வாங்கி, அது உடைந்து ஓயும்வரை அசையாமல் நிற்க வேண்டும். பிடிக்கப் போன ஒருவருடைய மணிக்கட்டு எலும்புவரை அறுபட்டதை அவர் இளமையிலேயே நேரில் கண்டவர். அதன் பிறகு அவ்விதியைப் பற்றி அவர் யோசிக்க வேண்டிய தேவை நேர்ந்ததில்லை; கைகளே யோசித்துக்கொண்டன.

மனைவிக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தன. ஒருநாள் விட்டு ஒருநாள் மருத்துவமனைக்குச் சென்று டயாலிசிஸ் செய்துகொண்டாக வேண்டும். திரும்பி வருகையில் பேருந்துக் கூட்டத்தில் நிற்க அவருக்குத் தெம்பு இருப்பதில்லை. கண்ணாடிகளையோ பஞ்சுக்கால் இதுகாறும் இரவல் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். இரண்டுக்கும் சேர்த்து ஒரு சரக்கு மிதிவண்டி வாங்குவது என்று முடிவாயிற்று.

கடையில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று, முன்னால் இரு சக்கரங்களும் அவற்றின்மேல் அகன்ற பெட்டியும் உடைய மூன்று சக்கர வண்டி. மற்றொன்று நீண்ட இரு சக்கர வண்டி. கைப்பிடிக்கும் முன்சக்கரத்துக்கும் இடையே தாழ்ந்த மரப்பெட்டி ஒன்று இருந்தது.

“மூணு சக்கரம் எடுத்தா அக்கா தானாவே ஏறி ராணி மாதிரி உக்காந்துக்கலாம். நிறுத்தினா நிறுத்தின இடத்துலயே நிக்கும்,” என்றார் கடைக்காரர்.

“அப்போ எங்க வீட்டுக்காரரைவிட உசத்திதான். அவர் எந்த இடத்துல நின்னிருக்கார்?” என்றார் மனைவி.

பஞ்சுக்கால் குந்தி அமர்ந்து, அடிச்சட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார். “ஒத்தைச் சக்கரம் மட்டும் பள்ளத்துல இறங்கினா என்ன ஆகும்?”

“லேசா ஒரு பக்கம் சாயும் அண்ணே. அவ்வளவுதான்.”

“சாயறதோட நிக்காது. சட்டம் முறுக்கும். கண்ணாடி எதை வேணா தாங்கும், முறுக்கைத் தாங்காது.”

மனைவி மூன்று சக்கர வண்டியின் பெட்டிக்குள் அமர்ந்திருந்தார். இறங்க அவருக்கு மனம் வரவில்லை. “அந்த நீட்டு வண்டி நான் ஏறும்போது சாஞ்சிடாதா?”

“ஸ்டாண்டு போட்டா சாயாது. பக்கத்துல நான் நிக்கிறேன்ல? பிடிச்சுக்க மாட்டேனா?”

அதற்குமேல் மனைவி வாதாடவில்லை. இரு சக்கர வண்டியையே வாங்கினார்கள்.

தொடக்கத்தில் அது அடங்காத வண்டியாகவே இருந்தது. முன்சக்கரம் கைக்கு எட்டாத தொலைவில் உருண்டமையால், திருப்பத்தில் அது எங்கே போகிறது என்று கணிக்க முடியவில்லை. மணல் மூட்டையை ஏற்றிக் காலி மைதானத்தில் பலமுறை சுற்றி, அகலமாக வளைக்கவும் முன்கூட்டியே பிரேக்கைத் தொடவும் பழகிக்கொண்டார். காலையில் பெட்டிக்குள் சாய்வுச் சட்டத்தை நிறுத்தி, கம்பளித் துணியின்மேல் கண்ணாடிகளைச் சாய்த்துக் கட்டுவார். மதியம் சட்டத்தைக் கழற்றிவிட்டுப் பலகையும் மெத்தையும் போடுவார். அதில் மனைவி ஏறுவார்.

“காலையில கண்ணாடி, மத்தியானம் நான். ரெண்டுல எதை மெதுவா ஓட்டறீங்கன்னு பார்த்துக்கிட்டேதான் வரேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“பேச்சுக்காவது நீதான்னு சொன்னா வாய் தேஞ்சுடுமா?”

மனைவியின் இடக்கையில் மருத்துவர்கள் இரண்டு இரத்தக் குழாய்களை இணைத்திருந்தார்கள். டயாலிசிஸ் ஊசிகள் இறங்கும் இடம் அதுவே. தோலின்மேல் விரலை வைத்தால் உள்ளே இரத்தம் இரைந்து ஓடுவது தெரியும். வாசலில் வண்டியில் ஏறுமுன் கணவருடைய விரலை எடுத்து அதன்மேல் வைத்து, “ஓடுது, கிளம்பலாம்,” என்பார் மனைவி.

மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு மாலை, சிகிச்சை முடிந்து இருவரும் மருத்துவமனை வாயிலுக்கு வந்தார்கள். அங்கே தரை சற்றுச் சரிவானது; பதித்திருந்த ஓடுகளில் ஈரம் இருந்தது. பஞ்சுக்கால் ஸ்டாண்டைக் காலால் தள்ளி வண்டியை நிறுத்தினார். மனைவி ஏறி அமர்ந்து, பையை வாங்குவதற்காகத் திரும்பினார். ஸ்டாண்டு வழுக்கியது. பெட்டி இடப்பக்கமாகச் சாயத் தொடங்கியது.

வண்டி கனமானது, மெதுவாகவே சாய்ந்தது. அவர் நின்றதோ கைக்கெட்டும் தூரத்தில். மனைவி அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பஞ்சுக்காலின் கைகள் இரண்டும் விரிந்தன. கால் ஓரடி பின்னால் போயிற்று. பெட்டியும் மனைவியும் நடைபாதையின் கல் விளிம்பில் விழும்வரை அவர் அப்படியே நின்றார். விழுந்த பின்னும் ஒரு கணம் நின்றார். உடையும் ஓசைக்காகக் காத்திருந்தார்.

கல்லில் மோதியது இடக்கை. வீக்கம் ஏறிற்று. அன்று இருட்டுவதற்குள் தோலுக்கு அடியில் அந்த இரைச்சல் நின்றுபோயிற்று. இணைப்பில் ஏற்பட்ட அடைப்பை நீக்க மருத்துவர்கள் முயன்றும் பயன் இல்லை. தற்காலிகமாகக் கழுத்தில் ஒரு குழாயைச் செருகினார்கள். இனி வலக்கையில் புதிதாக இணைக்க வேண்டும் என்றும், அதுவும் போனால் வேறு கை இல்லை என்றும் மருத்துவர் ஒளிவுமறைவின்றிக் கூறினார்.

செய்தி கேட்டு மனைவியின் தம்பி ஓடிவந்தான். பேக்கரியில் மாவு பிசைபவன். புருவத்திலெல்லாம் மாவு படிந்திருந்தது.

“பக்கத்துலதானே நின்னீங்க அத்தான்? கையை நீட்டியிருந்தா போதாதா? மரம் மாதிரி நின்னீங்களாமே, வாசல்ல இருக்கிறவன் சொல்றான்!”

“வாயை மூடுடா,” என்றார் படுக்கையில் இருந்தவர். “ஸ்டாண்டு வழுக்கிருச்சு. கண்ணிமைக்கிற நேரம். அவர் என்ன பண்ணுவார்?”

கண்ணிமைக்கும் நேரமன்று என்பதைக் கணவரும் மனைவியும் அறிவார்கள். மைத்துனனுடைய ஏச்சைக் காட்டிலும் மனைவி தமக்காகச் சொன்ன அந்தப் பொய்யே அவரை வாட்டியது.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் புறப்படுகையில், “தம்பியும் சும்மா கூட வரட்டுமே,” என்றார் மனைவி. ஏறும்போது தம்பியின் தோளைப் பற்றிக்கொண்டார். கணவர் கைப்பிடியைப் பிடித்திருந்தார். அமர்வதற்கு முன் மனைவியின் பார்வை ஒருமுறை அந்தக் கைகளின்மேல் விழுந்து மீண்டது.  வழிநெடுகப் பெட்டியின் இரு விளிம்புகளையும் இறுகப் பற்றியபடியே வந்தார். முன்பு அப்படிச் செய்தவர் அல்லர்.

மறுநாள் மாலை, கண்ணாடிப் பட்டறையின் பின்முற்றத்தில் பஞ்சுக்கால் வண்டியை நிறுத்தினார். மனைவியின் எடைக்கு ஒரு மணல் மூட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டு, மைத்துனனை அழைத்தார்.

“நான் எதிர்பார்க்காத நேரமாப் பார்த்து ஸ்டாண்டைத் தட்டிவிடு.”

“என்ன அத்தான், சர்க்கஸ் சேரப்போறீங்களா?”

“தட்டிவிடுன்னா தட்டிவிடு.”

அவன் எதையெதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென உதைத்தான். வண்டி சாய்ந்தது. அவருடைய கைகள் விரிந்தன. கால் பின்னால் போயிற்று. மூட்டை தொப்பென்று விழுந்தது. தூக்கி வைத்தார்கள். மீண்டும் உதைத்தான், மீண்டும் கைகள் விரிந்தன. பிடிக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நின்றும் பார்த்தார். சொல் வாயில் இருக்கும்போதே கைகள் விரிந்தன. முதலில் சிரித்துக்கொண்டிருந்த மைத்துனன் பிறகு சிரிக்கவில்லை.

“போதும் அத்தான். மூட்டை கிழிஞ்சிருச்சு.”

“இன்னொரு தடவை.”

“அது மூட்டைன்னு உங்களுக்குத் தெரியும்ல, அதான் விட்டுடறீங்க. அக்கான்னா பிடிப்பீங்க.”

“அன்னைக்கு உக்காந்திருந்தது அக்காதான்.”

மைத்துனன் சிந்திய மணலைக் காலால் குவித்தான். சற்று நேரம் கழித்து, ஆலையிலிருந்து பேக்கரிக்கு மாவு மூட்டை கொண்டுவர ஆள் தேடுகிறார்கள் என்று தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

பஞ்சுக்கால் வீட்டுக்கு வந்தார். மனைவி கட்டிலில் சாய்ந்து, கழுத்துக் குழாய் அசையாதவாறு தலையை ஒரு பக்கமாக வைத்திருந்தார். கணவருடைய சட்டையெங்கும் இருந்த மணலைப் பார்த்தார்.

“எங்கே விழுந்து வாரிக்கிட்டு வரீங்க?”

“நான் விழல. மூட்டையை விழவிட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூடப் பிடிக்கல.”

 “நான் உங்களை ஏதாவது கேட்டேனா?” என்றார் மனைவி.

“கேட்கல. அன்னைக்கு நீ என் முகத்தைப் பார்த்தே. நான் உன்னைப் பார்க்கல. பளு சாயுதுன்னுதான் கைக்குத் தெரிஞ்சுது.”

“பயந்துட்டேங்க,” என்றார் அவர். “விழறதுக்கு இல்ல. நீங்க தள்ளிப் போனீங்களே, அதுக்கு.”

பஞ்சுக்கால் கட்டிலின் அருகே தரையில் அமர்ந்தார். மைத்துனன் சொன்ன மாவு மூட்டை வேலையைப் பற்றிக் கூறினார்.

“இத்தனை காலத் தொழிலை விட்டுட்டா? இதைத் தவிர வேற என்ன தெரியும் உங்களுக்கு?”

“ஒண்ணும் தெரியாது. மூட்டை சரிஞ்சா பிடிக்கணும். தினமும் பிடிச்சா கை மாறலாம்.”

“மாறலேன்னா?”

“மாறினாத்தான் உன்னை ஏத்துவேன். அதுவரைக்கும் தம்பி ஓட்டட்டும், நான் கூட நடந்து வரேன்,” என்றார் அவர். “நாளையிலேர்ந்து நான் கண்ணாடி தூக்கல.”