முனையில் ஒரு உறுமல்

என் காதை ஏமாற்ற இனி ஒருத்தன் பிறந்துதான் வரவேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். வேலை செய்த காலமெல்லாம் கியர்பாக்ஸ் பிரித்து மாட்டினேன். இடுப்பு போனபின் மாடி அறையில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். திட்டுவதற்கு வீட்டில் வேறு ஆள் கிடையாது. ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். தெரு தெரியாது, கேட்கும்.

காலையில் என் மகளின் பிக்கப் போகும். பெரிய வண்டி, பின்னால் டிரெய்லர் நிறைய ஜல்லி. தெருமுனையில் நாலாவது கியரிலிருந்து மூன்றுக்கு இறக்கும்போது, நடுவில் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து உறுமல் கொடுப்பாள். நான் சொல்லிக்கொடுத்தது. வீட்டு வாசலில் வண்டி நிற்காது.

முட்டி வலிக்கிறது, கிளட்ச் மிதிக்க முடியவில்லை, ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி மாட்டிக்கொடுங்கள் என்று ஒருநாள் வந்து நின்றாள். "கிளட்ச் மிதிக்க முடியாதவளுக்கு வண்டி எதுக்கு, ஊஞ்சல் வாங்கிக்க" என்றேன். வார்த்தை தடித்தது. என் மகள்தானே, ரோஷத்துக்குக் கேட்கவா வேண்டும்? அதற்கப்புறம் படியேறவில்லை. உறுமல் மட்டும் தினமும் வந்தது. அதைக் கேட்டபின்தான் எனக்குத் தேநீர் தொண்டையில் இறங்கும்.

இந்த வாரம் அதே என்ஜின், அதே டிரெய்லர் சங்கிலிச் சத்தம், முனையில் உறுமல் இல்லை. வழுக்கிக்கொண்டு போனது. என்னைக் கேட்காமல் பெட்டியை மாற்றிவிட்டாளா என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம்தான் வேறு யோசனை வந்தது. இது வேறு வண்டியாக இருந்தால்? அவள் இந்த வழியே வருவதையே விட்டிருந்தால்?

இன்று முனை தாண்டியதும் சத்தம் நின்றது. ஹார்டுவேர் கடை வாசல்தான். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போனேன். வண்டியில் யாரும் இல்லை. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால் இரண்டே பெடல். கிளட்ச் இல்லை.

இடுப்பைச் சபித்துக்கொண்டே அடியில் படுத்தேன். தட்டையான ஆயில் பான், சுற்றிலும் போல்ட். மேனுவல் பெட்டிக்கு இந்தத் தட்டு இருக்காது. பான் முழுச் சதுரமும் இல்லை, ஒரு மூலை வெட்டினதுபோல் இருந்தது. அந்த வெட்டு ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கின் அடையாளம். சரி, வண்டி யாருடையது? இந்த நிறத்தில் ஊரில் பத்து வண்டி ஓடுகிறது, நம்பரும் எனக்கு நினைவில்லை. பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைத் தடவினேன். கோணலாக ஒரு வெல்டிங் தட்டுப்பட்டது. அந்தக் கோணல் என் கைவேலை.

அவள் வண்டியேதான். பெட்டியைத்தான் மாற்றியிருக்கிறாள். தரையில் கிடந்தபடியே சிரித்தேன். மாற்றட்டும், எதை வேண்டுமானாலும் மாற்றட்டும்.

அப்போது இரண்டு கால்கள் வந்து நின்றன. ஆண்பிள்ளைச் செருப்பு.

"என்ன பெரியவரே, எதைத் தொலைச்சீங்க?"

தொந்தி வைத்த மனிதர், கைகொடுத்துத் தூக்கிவிட்டார். வண்டி யாருடையது என்று கேட்டேன்.

"என்னுதுதாங்க. ஒரு தங்கச்சிகிட்ட வாங்கினேன், வருஷம் ஆகப்போகுது. முட்டி தேஞ்சுபோச்சுன்னு வித்துட்டாங்க."

"அப்போ, அந்த முனையில உறுமினது?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது அந்தத் தங்கச்சி கேட்டுக்கிட்டதுங்க. பக்கத்துல உட்கார்ந்து பழக்கிவிட்டாங்க. இந்த முனையில மட்டும் இப்படிப் பண்ணிடுங்கண்ணே, ஒருத்தர் காத்துக்கிட்டிருப்பார்னாங்க. போன வாரம் பழைய பெட்டி உடைஞ்சுபோச்சு, ஆட்டோமேட்டிக் மாட்டிட்டேன். இதுல அந்தச் சத்தம் வராது. மனசு உறுத்திக்கிட்டேதான் இருக்கு."

இத்தனை நாளும் இந்த மனிதரின் மிதியை என் மகளின் மிதி என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நல்ல காது! அவமானமாக இருந்தது. அதைவிட அழுகைதான் அதிகமாக வந்தது.

"அவ நம்பர் இருக்கா?"

அவரே அழைத்து போனை என் கையில் கொடுத்தார். மணி அடித்தது.

"சொல்லுங்கண்ணே" என்றாள். "முனையில மறக்காம பண்றீங்கல்ல?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"முட்டி எப்படிம்மா இருக்கு?"