உபரி என்ற சொல்

"உபரிக் கருக்கள்" என்று ஃபாதர் அருளப்பன் சொன்னதும் சுந்தரவல்லியின் விரல்கள் கீபோர்டில் நின்றுவிட்டன. ஃபாதர் அந்தக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அவள் பன்னிரண்டு வருடமாக அவருடைய செயலாளர். பார்வை இழந்தவர்களுக்கான ஆராய்ச்சிக்கு மனிதக் கருவிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்களைப் பயன்படுத்த உயிரியல் பேராசிரியர் கஸ்தூரிரங்கன் அனுமதி கேட்டிருந்தார். குழந்தைப்பேறு மருத்துவமனைகளில் எஞ்சிப்போகும் கருக்களிலிருந்து எடுப்பவை அவை. கருவுற்ற நொடியிலிருந்தே அது மனித உயிர், இன்னொருவரின் நன்மைக்காகக்கூட அதை அழிக்கலாகாது, திருச்சபையின் போதனைப்படி இங்கே அதற்கு இடமில்லை என்று அவர் சொல்லச் சொல்ல பதில் தயாராகிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, வேகமா சொல்லுதேனா?"

"இல்ல ஃபாதர்."

அவளுடைய கைப்பையில் ஒரு படிவம் இருந்தது. கல்யாணமாகி ஏழு வருடம் காத்திருந்து, ஊசியும் ஸ்கேனுமாக அலைந்து, கடைசியில் உருவான நான்கு கருக்களில் ஒன்றுதான் ஒன்பது வயது ஸ்ம்ருதி. மற்ற மூன்றும் லாஜ்பத் நகரில் ஒரு மருத்துவமனையில் உறையவைக்கப்பட்டிருந்தன. சட்டம் கொடுத்த பத்து வருடம் இந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. படிவத்தில் இரண்டே கட்டங்கள். அழிய விடலாம், அல்லது ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். போன வருடம் கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டதால் அவளுக்கு வேறு வழியும் இல்லை. கணவன் அர்விந்த் இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டான். அவனுடைய அம்மா கடைசி நான்கு வருடம் பார்வையில்லாமல் இருந்தவள். "வீணாப் போறதுக்கு யாருக்காவது கண்ணு தெரியட்டுமே வல்லி. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான். காலையில் ஸ்ம்ருதி குனிந்து ஷூ லேஸ் கட்டும்போது அந்த உச்சந்தலையைப் பார்ப்பாள். இதே மாதிரி இன்னும் மூன்று என்று தோன்றும். தோன்றியதும் அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவாள்.

"ஃபாதர், ஒண்ணு கேக்கலாமா? ஆஃபீஸ் விஷயம் இல்ல."

மானிட்டரைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"எத்தனை?" என்றார் ஃபாதர்.

"மூணு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இருபது வருஷம் வகுப்புல இதச் சொல்லிக் கொடுத்திருக்கேன். இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட எண்ணிக்கை சொன்னதில்ல."

"நான் என்ன பண்ணட்டும்?"

"ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறது தப்புன்னுதான் சொல்லுவேன். அதுக்காக மத்தத நல்லதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இந்த நிலைமைக்கு எங்க சபைகிட்டயும் நல்ல வழின்னு ஒண்ணு கெடையாதும்மா."

"உங்களுக்கு வழி இல்லாம இருக்கலாம் ஃபாதர். நான் முப்பதாம் தேதிக்குள்ள எழுதிக் குடுத்தாகணும்."

"தெரியுது" என்றார்.

முடிவை அவர் மாற்றவில்லை. "அந்த 'உபரி'ங்கிறத மட்டும் எடுத்திருங்க" என்றார். வழக்கம்போல் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லாமல், கையெழுத்திட்டு, தாளை மடித்து எடுத்துக்கொண்டு தானே உயிரியல் துறைக்கு நடந்தார். ஜன்னல் வழியாகச் சுந்தரவல்லி பார்த்தாள். வேப்ப மரத்தடியில் கஸ்தூரிரங்கன் கைகளை வீசி ஏதோ கத்திக்கொண்டிருந்தார். ஃபாதர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

மத்தியானம் கடிதத்தின் நகலை இன்னொரு முறை படித்தாள். எந்த வரியும் தப்பாகத் தோன்றவில்லை. ஆனால் மாமியார் தினமும் காலையில் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "இன்னிக்குக் கொழந்தை என்ன கலர் போட்டுண்டிருக்கா?" என்று கேட்டதும் நினைவுக்கு வந்தது. படிவத்தை எடுத்து, அர்விந்தின் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். எழுதியபின் நிம்மதி ஒன்றும் வந்துவிடவில்லை.

வியாழக்கிழமை ஃபாதரிடம் சொன்னாள். "ஆராய்ச்சிக்குக் குடுத்துட்டேன் ஃபாதர்."

அவர் முகம் வாடியது. அதை அவர் மறைக்கவும் இல்லை. "என்னைக்கு எடுத்துட்டுப் போறாங்க?" என்றார்.

"நாளைக்குக் காலைல."

"உங்களுக்கு ஆட்சேபணை இல்லேன்னா, காலைப் பூசைல அந்த மூணையும் நெனச்சுக்கிடுதேன்."

அவள் தலையசைத்தாள்.

வெள்ளிக்கிழமை கிட்வாய் நகரிலிருந்து அவளும் அர்விந்தும் ஸ்கூட்டரில் போனார்கள். வரவேண்டிய அவசியமில்லை என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். பின்வாசலில் ஆராய்ச்சி நிறுவனத்தின் வண்டி நின்றது. கருக்களை உறைநிலையில் வைத்திருக்கும், பால் கேன் அளவிலான ஓர் உலோகக் குடுவையை ஒருவர் தூக்கி வந்தார். வண்டியின் பின்பக்கம் அட்டைப் பெட்டிகள் நிறைந்திருந்தன. டிரைவர் குடுவையை முன்சீட்டில் நிறுத்தினார்.

"பையா, ஜரா சம்பால்கே" என்றாள் சுந்தரவல்லி, கொஞ்சம் பத்திரமாக என்று இந்தியில்.

"அச்சா மேடம்" என்றவர், சீட் பெல்ட்டை இழுத்துக் குடுவையைச் சுற்றி மாட்டி, பிடிக்கிறதா என்று ஒரு தடவை இழுத்தும் பார்த்தார்.

அர்விந்த் ஸ்கூட்டரைத் தள்ளி வழிவிட்டான். அதன் பிறகும் ஹேண்டில்பாரை விடாமல் நின்றிருந்தான். வண்டி கேட்டருகே வேகத்தடையில் ஏறி இறங்கியது. பெல்ட்டுக்குள் குடுவை லேசாகச் சாய்ந்து, நிமிர்ந்தது.