பஸ்லினா கேட்ட எட்டு மணித்தியாலம்

பல்லேகலயில் எங்களிடம் இருக்கும் பெரிய டிஷ் அன்டெனா ஒன்றே ஒன்றுதான். அதை நம்பியிருக்கும் விண்கலங்களோ ஏழெட்டு. சூரியனைச் சுற்றி எங்கெங்கோ அலையும் அவை எல்லாம் பூமியோடு பேசுவதென்றால் இதன் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு திசையைத்தான் அது பார்க்கும். அந்த வரிசையைக் கவனிப்பது என் வேலை. பெயர் கஜலட்சுமி. கோபக்காரி என்பார்கள். என் கதிரையில் ஒரு வாரம் உட்கார்ந்துவிட்டுச் சொல்லட்டும்.

ஆனால் நேரத்தைப் பங்கிடுவது நானல்ல. ஒவ்வொரு கலத்துக்கும் பொறுப்பானவர்கள் திங்கட்கிழமை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தங்களுக்கு எவ்வளவு தேவை என்று சொல்வார்கள். மோதினால் அவர்களே ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பார்கள். ஒருவர் ‘இவ்வளவு தேவை’ என்றால், மற்றவர் ஏன் என்று கேட்பதில்லை. யாரும் எழுதி வைக்காத வழக்கம். அதில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

புதிதாக வந்த பஸ்லினாவுக்கு இந்த வழக்கம் தெரியாது. அக்குறணையில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. அவள் பொறுப்பிலிருந்தது ஒரு குட்டிக் கலம். நான் அதைச் சின்னவள் என்று கூப்பிடுவேன். சின்னவள் ஒரு சிறுகோளுக்குக் கிட்டப் போய்ப் படமெடுத்து வைத்திருந்தாள். வியாழக்கிழமைக்குள் அவற்றை இறக்காவிட்டால், புதிய படங்கள் வந்து பழையவற்றை அழித்துவிடும்.

“எனக்கு வியாழக்கிழமை எட்டு மணித்தியாலம் வேணும்” என்றாள் பஸ்லினா, தன் முதல் கூட்டத்தில்.

எதிரே இருந்த சுதேஷ் பேனாவை மூடினான். “சரிங்க, எடுத்துக்கங்க” என்றான்.

மறுநாள் அந்தச் சந்தோஷத்தில் வீட்டிலிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்தாள். சுதேஷும் வாங்கிச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டான். நான்தான் என் பங்கைத் தொடாமல் தள்ளிவைத்தேன்.

“நீ என்னா கொடுத்தேன்னாவது இந்தப் புள்ளைகிட்ட சொன்னியா?” என்று சுதேஷைக் கேட்டேன்.

“விடுங்கக்கா.”

நான் விடுகிற ஆளா? சுதேஷின் கலம் பழையது. நான் வைத்த பெயர் மாமா. போன வருஷம் ஏதோ கோளாறாகித் தடுமாறிச் சுழலத் தொடங்கியவர், அன்றிலிருந்து வாய் திறக்கவில்லை. கணக்குப்படி வியாழக்கிழமை காலையில் அவர் முகம் பூமிப் பக்கம் திரும்பும். அன்றும் சத்தம் கேட்காவிட்டால் தேடுவதையே நிறுத்துவது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. அந்தக் காலை நேரத்தைத்தான் சுதேஷ் விட்டுக்கொடுத்திருந்தான். எல்லாவற்றையும் பஸ்லினாவிடம் கொட்டிவிட்டேன்.

அவள் முகம் வெளிறிப் போனது.

“அக்கா, எனக்கு நாலு போதும்.”

“என்னாது?”

“வாப்பாட கடையில வெலய கூட்டித்தான் சொல்ற. வாறவங்க கொறச்சிக் கேப்பாங்க. நீங்களும் கொறைப்பீங்க எண்டு நெனச்சேன். ஒருத்தரும் கொறைக்கல்லயே!”

நான் வாயைத் திறப்பதற்குள் சுதேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். “அப்ப ஒங்க வாப்பா சொன்ன வெலைக்கே திரைச்சீலை வாங்கிட்டு வந்த கேணப்பய நான் ஒருத்தன்தானா?”

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மாமாவுக்கு வேண்டியது காலை நேரம். சின்னவளுக்கும் காலைதான் நல்லது, அப்போது அவள் உச்சியில் இருப்பாள். மத்தியானத்துக்குப் பிறகு ஹந்தானை மலைப் பக்கம் சரிந்துவிடுவாள். சரியச் சரியப் படங்கள் மெதுவாகத்தான் வரும். மிச்சமிருக்கும் நாலு மணித்தியாலத்தில் எல்லாம் வந்து சேராது, அதற்குப் பிறகு டிஷ் வேறு கலத்துக்கு.

பஸ்லினா நகத்தைக் கடித்தாள். “மூணு எடுங்களேன் சுதேஷ் அண்ணா?”

“இதென்னா கடையா?” என்று நான் பாய்ந்தேன்.

சுதேஷ் பேரம் பேசவில்லை. “நாலு வேணும்மா. எந்த நிமிஷம் திரும்புவாருன்னு சரியாச் சொல்ல முடியல” என்றான், அவ்வளவுதான்.

அழிந்து போகப் போகும் படங்கள் பஸ்லினாவுடையவை. யாரும் இன்னும் கண்ணால் பார்க்காதவை. “நாலும் எடுங்க” என்று சொல்லும்போது குரல் உடைந்தது. அந்த நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை, அது வேறு.

வியாழக்கிழமை காலை டிஷ் மாமாவின் பக்கம் திரும்பியது. திரையில் கோடு தட்டையாக ஓடியது. முதல் மணித்தியாலம் ஒன்றுமில்லை. இரண்டாவதும் ஒன்றுமில்லை. பஸ்லினா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அது ஆடை படிந்து ஆறிப்போனது. மூன்றாவதும் முடிந்தது. சுதேஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான். இனி இல்லை என்று நானே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் கோட்டின் நடுவில் மெல்லிய ஒரு முள் எழும்பியது. விழுந்தது. மறுபடி எழும்பி அப்படியே நின்றது.

“மாமா!” என்று கத்தியது நான்தான். சுதேஷ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். பஸ்லினா திரையையே பார்த்தபடி, “நான் மூணு எண்டு கேட்டேனே, அல்லாஹ்வே, மூணு எண்டு கேட்டேனே” என்று முணுமுணுத்தாள்.

சுதேஷ் அவசர அவசரமாகக் கட்டளைகளை அனுப்பினான். சுழல்வதை நிறுத்திவிட்டதாகப் பதில் வந்து சேர்ந்தது. மாமா பிழைத்துவிட்டார். அவன் நேரத்தில் இன்னும் அரை மணித்தியாலம் மிச்சமிருந்தது. ஒரு வருஷமாகப் பேசாதவர் பேசுகிறார். வேறு யாராக இருந்தாலும் கடைசி நொடி வரை கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

சுதேஷ் என் பக்கம் திரும்பினான். “போதும்க்கா. இனி அடுத்த வாரம் கூட அவரப் புடிச்சுக்கலாம். டிஷ்ஷைச் சின்னவ பக்கம் திருப்புங்க. அவ இன்னும் உச்சியிலதான் இருக்கா.”

வெளியே டிஷ் மெல்ல அசைந்து திரும்பியது. சற்று நேரத்தில் சின்னவளின் முதல் படம் திரையில் இறங்கத் தொடங்கியது, மேலிருந்து கீழாக, வரி வரியாக. கரடுமுரடான ஒரு சாம்பல் கல். அரை மணித்தியாலம் முன்னால் தொடங்கியதால் படங்கள் மளமளவென்று வந்தன. அழிந்து போயிருக்க வேண்டியவையும் அவற்றில் இருந்தன.

பஸ்லினா படத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, “நான் கேக்கவே இல்லயே அக்கா” என்றாள்.