கூழைக்கடா எண்ணுகிறவர்கள்

பர்காஸ் நகரத்தில் ஒரு ஜோடிக் கண்ணின் விலை, போன செப்டம்பர் நிலவரப்படி, ஐயாயிரத்து இருநூறு லெவா. ரொக்கமாக அல்ல, ஆஸ்திரியத் தொலைநோக்கியாக.

கண்ணுக்குச் சொந்தக்காரர் வெல்கோ, ஓய்வுபெற்ற உயிரியல் வாத்தியார். அந்தக் கண்ணாடியைக் கடை ஜன்னலில் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர். உப்பளத்தை ஒட்டி ஓட்டல் கட்டப்போகும் கம்பெனி அதை அவர் தோளிலேயே மாட்டிவிட்டது. வேலை சுலபம். இலையுதிர் காலத்தில் கரையோரமாக வலசை போகும் பறவைகளை எண்ணித் தர வேண்டும். எந்தெந்த நாள் என்று கம்பெனி சொல்லும். ஒப்பந்தம் முடியும்வரை வேறு யார் கணக்கிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

கம்பெனி ஆள் தில்யான் போன் செய்த பதினாலு நாளும் கிழக்குக்காற்று. கடலிலிருந்து காற்றடித்தால் பறவைக் கூட்டம் உள்நாட்டுப் பக்கம் ஒதுங்கிப் போய்விடும் என்பது அங்கே தூண்டில் போடுகிறவனுக்குக்கூடத் தெரியும். வெல்கோ போனார், உட்கார்ந்தார், உலகத்திலேயே தெளிவான கண்ணாடி வழியாகக் கடற்காகம் தவிர எதுவுமில்லாத வானத்தைப் பார்த்தார், மற்றதற்கெல்லாம் பூஜ்யம் எழுதினார், கம்பெனி கூட்டிவந்த இன்னொருவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டார். அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

மாதக் கடைசி ஞாயிறு மேற்குக்காற்று. போன் வரவில்லை. ஆனாலும் கால் உப்பளத்து மேட்டுக்குத்தான் நடந்தது. அங்கே திராயானா உட்கார்ந்திருந்தாள். துறைமுகச் சுங்கத்தில் குப்பை கொட்டிவிட்டு, இருபது வருஷமாக அவரோடு பறவை எண்ணுகிறவள்.

“வாய்யா வாத்தியாரே. ஓட்டல்ல ரூம் குடுத்துட்டாங்களா, கடலைப் பாத்த மாதிரி?”

“காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா? சூரியகாந்தி விதை இருந்தா குடு.”

“நீ இனிமே முந்திரி திங்கிற ஆளு. போவியா!”

பத்து மணிக்கு வடக்கே வானம் வெளுத்தது. அடுக்குமாடிகளின் மேல், ரயில் தண்டவாளத்தின் மேல், சுற்றிச் சுற்றி ஏறி வந்தன கூழைக்கடாக்கள். பத்துப் பத்தாக எண்ணினார்கள். கடைசிக் கூட்டம் தெற்கே மறைந்ததும் அவள் எழுதினாள்: 4,260.

“தப்பு. வால்ல ரெண்டு பின்தங்கி வந்துச்சு. அறுபத்திரெண்டு.”

அவள் அடித்துத் திருத்தினாள். தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினாள். பறவை எண்ணுவதற்குப் பதிவு பெற்ற இரண்டு பேர் கையெழுத்து இல்லாத கணக்கை நகரக் கமிட்டி எடுத்துக்கொள்ளாது. கமிட்டி நாளைக்கு. ஒரே நாளில் ஆயிரம் பறவைக்கு மேல் போகிற கரை என்று நிரூபித்தால் ஓட்டல் கிடையாது.

“போடு.”

“திராயானா, ஒப்பந்தம்…”

“பாத்தியா, இல்லையா?”

“பாத்தேன்.”

“அப்புறம் என்ன?”

வெல்கோ லென்ஸைத் துடைத்தார், மூடி போட்டார், தொலைநோக்கியைப் பைக்குள் வைத்தார். “இன்னிக்கு என் நாள் இல்லம்மா. அந்தா உடம்பு இளைக்க ஓடிட்டுப் போறானே, அவனைக் கேளு.”

“அவனுக்குக் கூழைக்கடாவும் தெரியாது, வாத்தும் தெரியாது. உனக்குத் தெரியும். அதான் உன்னை வாங்கினானுங்க.”

திங்கட்கிழமை கமிட்டி மேசையில் இரண்டு தாள். ஒன்றில்: எண்ணிய நாள் 14, கூழைக்கடா 0, நாரை 0, கடற்காகம் 311, கையெழுத்து இரண்டுக்கு இரண்டு. மற்றதில்: எண்ணிய நாள் 1, கூழைக்கடா 4,262, கையெழுத்து இரண்டுக்கு ஒன்று.